ஒன்றும் செய்யாது

நாய் வளர்க்கும் வீடுகளுக்கெல்லாம் பொதுவான வாக்கியம் ஒன்று உண்டு. வாசலுக்கு வந்தவர் நாயைக் கண்டு ஓரடி பின்வாங்குவார். உள்ளேயிருந்து குரல் வரும்: “பயப்படாதீங்க, அது ஒண்ணும் செய்யாது.” நாங்களும் சொல்லியிருக்கிறோம். பால்காரரிடம், மின்கணக்கு எடுக்க வருபவரிடம், தண்ணீர்க் கேன் கொண்டுவரும் பையனிடம்... ஒன்பது மாத காலம், நாளொன்றுக்கு ஒருமுறையேனும் சொல்லியிருப்போம். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு மாலைப்பொழுதோடு அந்த வாக்கியம் எங்கள் இல்லத்தை விட்டு நீங்கியது. அதை எழுதிவைக்க வேண்டுமென்று பலமுறை அமர்ந்து, கூச்சத்தால் எழுந்துவிட்டோம். 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் உயிரிழந்தார். தடுக்கப் போன, அதை வளர்த்த பெண்மணியும் காயமுற்றார். அந்தச் செய்தியைப் படித்த நாள்முதல் எழுதாமலிருப்பது நேர்மையன்று என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் இருப்பதும் பிட்புல்தான்.

நாங்கள் விரும்பி வாங்கியதன்று. எங்கள் தங்கை மகன் கோவையில் பொறியியல் பயின்றவன். 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஊரடங்கு தளர்ந்த நேரத்தில், நண்பர்களோடு குடியிருந்த வாடகை வீட்டிற்கு ஒரு குட்டியை வாங்கிவந்து ‘ரேம்போ’ என்று பெயரிட்டான். ஒரு நாயை எதற்காக வாங்குகிறோம் என்பதைப் பெரும்பாலும் அதற்கு இடும் பெயரே சொல்லிவிடுகிறது. வாங்கியபோது அதற்கு ஐந்து வாரம்கூட நிறையவில்லை. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்பது 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளில் உள்ளது. விற்றவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வாங்கியவனுக்கு அது தெரியாது. பிறந்த மூன்றாம் வாரம் தொடங்கி ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரையிலான காலத்தைக் குட்டியின் பள்ளிப்பருவம் என்றே சொல்லலாம். கடியின் அளவைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்பது அப்போது. குழந்தைகள், மிதிவண்டி, குடை, பிற நாய்கள் எல்லாம் உலகத்தில் இயல்பாக இருப்பவை என்று பழகிக்கொள்வதும் அப்போது. அந்தப் பருவம் முழுவதையும் இந்த நாய் ஒரு மொட்டைமாடியில் தனியாகக் கழித்திருக்கிறது.

2021 ஏப்ரலில் தங்கை மகனுக்கு ஐதராபாத்தில் வேலை கிடைத்தது. வாடகைக் காரில் நாயோடு பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கினான். “ஒரு மாசம் மட்டும் வச்சுக்கோங்க மாமா. வீடு பாத்ததும் கூட்டிட்டுப் போயிடுறேன்” என்றான். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையென்று நண்பர்கள் நகைத்தனர். எங்கள் தாயார் மட்டும் தார்சாவில் நின்று அதைச் சற்று நேரம் பார்த்தார். செம்பு நிறம், மார்பில் வெள்ளைத் திட்டு. “என்னய்யா பேரு இது, வாயிலயே நுழையல. செவலைன்னு கூப்பிடுங்க” என்றார். அன்றிலிருந்து அது செவலை.

அன்பு வருவதற்கு அதிக நாள் ஆகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இருபத்து நான்கு கிலோ எடையும் கல்லில் செதுக்கியது போன்ற தோளும் கொண்ட அந்த உயிர், இடி இடித்தால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். தாயார் கால் நீட்டி அமர்ந்தால் பாதத்தின்மேல் தலையை வைத்துக்கொள்ளும். குறுமயிர் நாயாதலால் அதன் தோல் மிக மெல்லியது. புல்லில் புரண்டால் தடிப்பு. வெயில் அதிகம் பட்டால் வெள்ளைத் திட்டு சிவந்துபோகும். முதல் கோடையிலேயே உண்ணிக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் உணவில்லாமல் சுருண்டு கிடந்த அதற்குத் துணைவியார் இரவெல்லாம் கஞ்சித் தண்ணீர் புகட்டினார். இப்படிப் பேணிய உயிரைப் பற்றி ஒருவர் பயந்தால் நமக்குச் சற்றுக் கோபம்கூட வரும். அந்தக் கோபத்திலிருந்து பிறப்பதுதான் ‘ஒன்றும் செய்யாது’ என்ற வாக்கியம்.

எங்கள் வீட்டு வாசல் கேட்டின் கொண்டி தளர்ந்திருந்தது. காற்றடித்தாலே திறந்துகொள்ளும். பட்டறைக்காரரை நாளைக்கு அழைக்கலாம், நாளைக்கு அழைக்கலாம் என்று பத்து நாள் கடந்திருந்தது. பதினோராம் நாள் மாலை தண்ணீர்க் கேன் பையன் போனபிறகு கேட் தானாகத் திறந்திருக்கிறது. எங்கள் தெருவில் மணி என்று ஒரு தெருநாய் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் வேண்டியது. அடுத்த வீட்டு அண்ணாச்சி தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. அவள்தான் அந்த நேரத்தில் மணிக்கு வழக்கமாக பிஸ்கட் போடுவாள்.

குரல் கேட்டு நாங்கள் ஓடியபோது செவலை மணியின் கழுத்தைப் பற்றியிருந்தது. குரைப்போ உறுமலோ இல்லை. அந்த மௌனம்தான் இன்றளவும் நினைவில் நிற்கிறது. பெயர் சொல்லி அழைத்தோம், கேட்கவில்லை. யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார், பயனில்லை. கழுத்துப்பட்டையைப் பற்றி முறுக்கி, மூச்சுத் திணறியபோதுதான் பிடி தளர்ந்தது. அந்த இழுபறியில் துணைவியாரின் இடக்கையில் பல் பட்டது. பிட்புல்லின் தாடை பூட்டிக்கொள்ளும் என்று சொல்வதுண்டு. அது வெறுங்கதை; அதன் எலும்பில் அப்படியொரு தாழ்ப்பாள் கிடையாது. விடுவதற்கு அதற்கு மனம் வருவதில்லை, அவ்வளவுதான். மணி மறுநாள் இரவு இறந்துபோனது. சிறுமிக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அவள் இரண்டு கை தொலைவில், பிஸ்கட் பொட்டலத்தைப் பிடித்தபடி, அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

துணைவியாரின் கையை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுத் திரும்பியபின், இரவு எட்டு மணியளவில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷத்தில், “மனுஷங்களை அது ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி” என்று தொடங்கிவிட்டோம். அவர் கோபப்படவில்லை. “சார், அதை நம்புறது உங்க இஷ்டம். எம் பேத்தியும் நம்பணும்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?” என்றார். எங்களிடம் விடை இல்லை.

நாலடியாரில் யானையின் நட்பைவிட நாயின் நட்பே மேல் என்று பேசும் செய்யுள் ஒன்று உண்டு. யானை, தன்னை நெடுங்காலம் அறிந்த பாகனையே கொல்லும். நாயோ, உடையவன் எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வால் குழைக்கும் என்பது அதன் கருத்து. தமிழ்த்துறையில் நாங்கள் ஆண்டுதோறும் நடத்துவது. அந்த ஆண்டு அதை நடத்தும்போது குரல் சற்றே தடுமாறியது. நாயின் நன்றி உடையவனிடம் காட்டப்படுவது. அந்தச் செய்யுளுக்குள் இருப்பவர்கள் நாயும் அதன் தலைவனும் மட்டுமே; அடுத்த வீட்டுப் பிள்ளை அதில் இல்லை. எங்களிடம் அது எவ்வளவு குழைந்தாலும், தெருவில் நடப்பவரிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்தக் குழைவு சான்றாகாது. இத்தனை ஆண்டுகள் பாடம் சொல்லியும் இது எங்களுக்குத் தோன்றவில்லை.

*

அதன்பிறகே அந்த இனத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். முன்னரே படித்திருக்கவேண்டும்.

இங்கிலாந்தில் கட்டிவைத்த காளையின்மேல் நாய்களை ஏவிக் கூட்டம் கூடிப் பார்ப்பது நெடுங்காலம் கேளிக்கையாக இருந்தது. 1835இல் சட்டம் அதைத் தடைசெய்தது. கூத்து நிற்கவில்லை, மறைவிடத்துக்கு இடம் மாறியது. காளையோடு பொருத புல்டாக் நாய்களையும் சுறுசுறுப்பு மிக்க டெரியர் நாய்களையும் கலந்து, சிறிய அடைப்புக்குள் நாயோடு நாயை மோதவிட்டனர். அந்த அடைப்பான பள்ளத்துக்கு ஆங்கிலத்தில் ‘பிட்’ என்று பெயர். நாயின் பெயரில் அது ஒட்டிக்கொண்டது. குடியேறியவர்களோடு அமெரிக்கா சென்று, பண்ணைகளில் காவலுக்கும் கால்நடை மடக்கவும் அது பயன்பட்டது. 1898இல் அங்குள்ள யுனைடெட் கென்னல் கிளப் ‘அமெரிக்கன் பிட்புல் டெரியர்’ என்று அதைப் பதிவுசெய்தது. பற்றியதை விடாமை, வலியைப் பொருட்படுத்தாமை, பிற நாய்களிடம் பகை ஆகிய குணங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள் மனிதர்களே. எல்லாக் குட்டிகளிலும் அது ஒரே அளவில் இறங்குவதில்லை என்பது உண்மை; இறங்கவே இறங்காது என்று நம்பியிருப்பது பேதைமை. நம் ஊர்ச் சிப்பிப்பாறை முயலைக் கண்டதும் பாய்வதை இயல்பு என்கிறோம். செவலையின் இயல்பை மட்டும் எங்கள் அன்பு அழித்துவிடும் என்று எண்ணியிருந்தோம்.

தங்கை மகனிடம் தொலைபேசியில் சொன்னோம். அவன் அழுதான். பிறகு, தோப்புக் காவலுக்கு நாய் கேட்கும் ஒருவரை அனுப்பினான். வந்தவர் செவலையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். மார்பைத் தட்டிப் பார்த்தார். “சண்டை போடுமா?” என்று கேட்டார். நாய்களை மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது அவருக்குத் தெரியாமலிருக்காது. நாங்கள் கொடுக்கவில்லை. அன்பினால் மட்டும் மறுத்தோம் என்று சொன்னால் அது பொய். இங்கிருந்து அனுப்பிவிட்டால் இந்த ஆபத்து இன்னொரு தெருவுக்கு, இன்னொரு சிறுமியின் வாசலுக்குப் போகும், நம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அதில் உள்ள வசதி. அந்த வசதி கூசச் செய்தது. கருணைக்கொலையைப் பற்றியும் பேசினோம். கால்நடை மருத்துவர் நேரடியாக விடை சொல்லவில்லை. “மனிதரைக் குறிவைத்து இது கடித்ததில்லை. நீங்கள் மாறத் தயாராக இருந்தால் வைத்திருக்கலாம். நாய் மாறும் என்று எதிர்பார்த்து வைத்திருக்காதீர்கள்” என்றார்.

நாங்கள் மாறினோம். கொண்டியை மறுநாளே சரிசெய்தோம். ஒரு மாதத்துக்குள் வாசல் கேட்டுக்கு உள்ளே ஆறடி தள்ளி இரண்டாவது கேட் ஒன்றும் அமைத்தோம். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கருத்தடை செய்வித்தோம். அதனால் குணம் தலைகீழாக மாறிவிடாது. சுற்றித் திரியும் வேட்கை தணியும், இந்த வரிசையில் இன்னொரு குட்டி பிறக்காது. வெளியே அழைத்துச் செல்லும்போது நான்கடி வார், இரண்டு இடத்தில் கொக்கி, வாயில் கூடை. துணிப்பட்டையால் வாயை இறுகக் கட்டினால் நாயால் இளைக்க முடியாது. நம் ஊர் வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. கூடை வடிவில் உள்ளதை அணிவித்தால் வாய் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். “சூடடிக்கையில மாட்டுக்குப் போடுற வாய்க்கூடு மாதிரியில்ல இருக்கு” என்றார் தாயார். அதற்குள் தயிர்ச்சோற்றைத் தடவி, அதுவாகவே முகத்தை நுழைக்கும்வரை மூன்று வாரம் பழக்கினோம். இப்போது கூடையை எடுத்தாலே வாலாட்டுகிறது, உலாவப் போகும் அடையாளம் அல்லவா?

கட்டியே போட்டுவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. எந்நேரமும் கட்டுண்டு கிடக்கும் நாய்க்குத் தக்க உடற்பயிற்சி தராமலிருப்பதும் அதே 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே. அதைவிட, ஆற்றலைச் செலவிட வழியற்ற நாயே அதிகம் அஞ்சத்தக்கது. அதிகாலையும் இரவும் முக்கால் மணி நேர நடை. இடையில் உணவைக் கோணிக்குள் ஒளித்துவைத்துத் தேடவிடுதல், வடம் இழுத்தல். வடம் இழுக்கும்போது ‘விடு’ என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தோம். விட்டால் அதைவிடச் சுவையான ஒன்று கிடைக்கும் என்று அது உணரவேண்டும். அடித்துக் கற்பித்தால் பிடி இறுகும். ஐந்து மாதம் ஆயிற்று. எங்கள் வீட்டில் மிகவும் விலையுயர்ந்த தமிழ்ச்சொல் அதுதான். இருந்தும், தெருவில் அந்தச் சொல்லை நம்பி வாரைத் தளர்த்துவதில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் லக்னோவிலிருந்து ஒரு செய்தி வந்தது. 82 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை, அவர் மகன் வளர்த்த பிட்புல் வீட்டிற்குள்ளேயே கடித்துக் கொன்றுவிட்டது. செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டுத் தாயாரின் காலடியில் படுத்திருந்த செவலையைப் பார்த்தோம். அன்றுமுதல் தாயாரும் நாயும் தனித்திருக்க விடுவதில்லை. “எய்யா, அவன் எம் பிள்ள மாதிரி. என்னையவா கடிக்கப் போறான்?” என்று அவர் இன்றும் மனத்தாங்கலோடு கேட்பார். வாக்கியம் வேறு, பொருள் எங்களுடைய பழைய வாக்கியத்தினுடையதே. இந்த ஒன்றில் அவர் மனத்தை நோகடிப்பதைத் தவிர எங்களுக்கு வழியில்லை.

எல்லாப் பிட்புல்லும் கொலைகாரன் என்பவர்களுக்கும், வளர்ப்பில்தான் எல்லாம் இருக்கிறது என்பவர்களுக்கும் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வைச் சொல்வதுண்டு. 2007இல் வர்ஜீனியா மாநிலத்தில், புகழ்பெற்ற கால்பந்து வீரர் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான இடத்திலிருந்து, சண்டைக்காக வைத்திருந்த ஏறத்தாழ ஐம்பது பிட்புல் நாய்கள் மீட்கப்பட்டன. அவருக்கு 23 மாதச் சிறை. வழக்கமாக அத்தகைய நாய்களைக் கொன்றுவிடுவார்கள். இம்முறை ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்தனர், பெரும்பாலானவை பிழைத்தன. சில, பிள்ளைகள் உள்ள வீடுகளில்கூட நன்றாக வாழ்ந்தன. மிகவும் சிக்கலானவை எனக் கருதப்பட்ட 22 நாய்கள் யூட்டா மாநிலத்துக் காப்பகம் ஒன்றுக்குப் போயின. அவற்றுள் சில எந்த வீட்டுக்கும் தரப்படாமல் ஆயுள் முழுவதும் அங்கேயே காக்கப்பட்டன. இந்தக் கதையை அன்பின் வெற்றி என்று சொல்வார்கள். நாய்களின் பராமரிப்புக்காக விக் ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் கட்டவேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டதையும், அங்கே வேலிகளும் பயிற்சியாளர்களும் நிபந்தனைகளும் இருந்ததையும் சேர்த்துச் சொல்வதில்லை.

நம் நாட்டில் 2024 மார்ச்சில் மத்திய அரசு பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களை விற்கவும் வளர்க்கவும் தடைகோரிச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கூறி அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. ஜாபர்கான்பேட்டை நிகழ்வுக்குப் பின், 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புதிய உரிமம் இல்லை என்று தீர்மானித்தது. தடையைப் பற்றி எங்களிடம் கருத்துக் கேட்பவர்கள், நாய் வளர்ப்பவர்கள் என்பதால் எதிர்ப்போம் என்று எதிர்பார்க்கிறார்கள். இல்லை. இருக்கும் நாய்களைத் தெருவில் விடாமல் சாகும்வரை காப்பதும், புதிதாக வாங்காமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல என்றே கருதுகிறோம். எங்கள் மாணவர்களில் யாரேனும் கைப்பேசியில் குட்டியின் படத்தைக் காட்டி “வாங்கலாமா ஐயா?” என்று கேட்டால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் கேட்டைத் தாழிட்டோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கும் பொறுமை உண்டா என்று கேட்கிறோம். சிலர் சிரிக்கிறார்கள். ஒருவன் மட்டும் சற்று யோசித்து, “இல்லைய்யா” என்றான். அவனை எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

வளர்ப்புப் பிராணியால் பிறர்க்கு ஆபத்து நேராமல் பார்க்கத் தவறுவது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 291ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அண்ணாச்சி அன்று காவல்நிலையத்துக்குப் போயிருக்கலாம், போகவில்லை. அவர் போகாததை மன்னிப்பு என்று நாங்கள் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

செவலைக்கு வயது ஐந்தாகிவிட்டது. நான்கு ஆண்டுகளாக ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராததால்தான் தளர்வு வரும் என்பதை அறிந்திருக்கிறோம். கேட்டருகே சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது, இரவு தாழ்ப்பாளைப் பார்த்தவர் அதில் ஒரு புள்ளி வைக்கவேண்டும்.

அந்தச் சிறுமிக்கு இப்போது பதின்மூன்று வயது. அதிகாலையில் தனிப்பயிற்சி வகுப்புக்கு மிதிவண்டியில் போகிறாள். முன்பெல்லாம் நாயோடு எங்களைத் தொலைவில் கண்டதும் இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். இப்போது அவளுடைய மணியோசை கேட்டதும் நாங்கள் வாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய், மின்கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறோம். செவலை எங்கள் காலடியில் அமர்கிறது. அவள் எங்கள் பக்கம் பார்ப்பதில்லை. கைப்பிடியை இறுகப் பற்றியபடி கடந்துபோகிறாள். “ஒண்ணும் செய்யாது, போம்மா” என்று நாங்கள் சொல்வதில்லை. அவள் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நிற்கிறோம்.